படகு இன்ஜின் போட்ட அம்பாசிடர்

மாலை ஐந்தேகால். பொன்னேரியிலிருந்து பழவேற்காடு போகும் பஸ்ஸில் முதலில் கண்ணில் பட்டது, முன்சீட்டு மீனவரின் மடியிலிருந்த ஆட்டோ ஹெட்லைட். பக்கத்தில் அவர் மச்சான்.

"ஹாரன் லாரிது, சீட்டு வேனுது. அம்பாசிடர்னு இன்னா மாமா மிச்சம் கீது?"

"பேரு கீதே. இன்ஜின் நம்ம படகுது."

"அது ஏரித் தண்ணிய உறிஞ்சித்தான சூடு ஆறும்? ரோட்ல ஏரிக்கு எங்க போவ?"

"பின்சீட்ல டிரம்மு வெச்சிட்டேன். நாளைக்குப் பொண்ணு கல்யாண மண்டபத்துக்குக் கார்ல வரும்னு சம்பந்தி கிட்ட சொல்லிட்டேன்டா. பஸ்ல போய் எறங்கினா மானம் போய்டும்."

"டிரம்ம யாரு புடிப்பாங்க?"

"தாய்மாமன்னு நீ எதுக்குக் கீற?"

மறுநாள் காலை, பொன்னேரி பஸ்ஸை லாரி ஹாரன் அடித்தபடி ஒரு அம்பாசிடர் முந்தியது. முன்சீட்டில் மணப்பெண். பின்சீட்டில் மச்சான், பட்டுச் சட்டையோடு டிரம்மைக் கட்டிப்பிடித்தபடி நனைந்துகொண்டிருந்தார்.