எழுபத்தொரு டிகிரி

கட்டுரையில் என் பெயரை முதலில் போடுங்கள் என்று கேட்டேன். நான் கேட்டது அவ்வளவுதான்.

சென்னையில் நான் ஆராய்ச்சி மாணவியாகச் சேர்ந்த முதல் வாரமே அட்டெண்டர் அப்பாஸ் சொல்லிவைத்திருந்தார். "இந்தாம்மா ஜக்கம்மா, சார்கிட்ட என்ன வேணும்னாலும் கேளு. பேரை மட்டும் கேட்டுராத. கேட்டவங்க யாரும் மறு வருசம் இங்க இல்ல." 1957 ஜூலையில் கேட்டுவிட்டேன். அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. திண்டுக்கல்லில் எங்கள் தெருவில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான்தான். கேட்டால்தான் கிடைக்கும் என்று தெரிந்தே வளர்ந்தவள்.

எதற்காகக் கேட்டேன் என்பது முக்கியம். பேராசிரியர் இருதயநாதன் புரதங்களின் வடிவத்தை ஆராய்கிறவர். தோலில் இருக்கும் புரதம் மூன்று இழை சேர்த்துத் திரித்த கயிறு மாதிரி இருக்கிறது என்பது அப்போதுதான் தெரியவந்திருந்தது. பச்சைத் தோலில் ஒரு துண்டு வெட்டித் தண்ணீரில் தொங்கவிட்டு மெதுவாகச் சூடேற்றுவோம். அறுபது டிகிரி வரைக்கும் அது பாட்டுக்குத் தொங்கும். அறுபத்திரண்டு வாக்கில் திடீரென்று சுருண்டுகொள்ளும். கயிறு பிரிந்து போகிற இடம் அது. பதனிட்ட தோல் இதைவிட அதிகச் சூடு தாங்கும். ஆகவே எங்களுக்குப் பச்சைத் தோல்தான் வேண்டும்.

நான் ஊரிலிருந்து கொண்டுபோன வெள்ளாட்டுத் தோல் எழுபத்தொரு டிகிரி வரை சுருளவில்லை. நாற்பத்தாறு முறை அளந்தேன். வெயிலில் காயும் எங்கள் பக்கத்து ஆட்டின் புரதம் வேறு விதமாகப் பின்னிக்கொண்டிருக்கிறது, இதுவரை யாரும் பார்க்காத பிணைப்பு அதில் இருக்கிறது என்று எழுதினேன். அது என் வாழ்க்கை. அதைத் தவிர என்னிடம் ஒன்றும் இல்லை.

பேராசிரியர் கட்டுரையைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "பெயரை அப்புறம் பார்க்கலாம். திண்டுக்கல்லுக்கு நானே வருகிறேன். என் கையால் தோல் எடுத்து ஒரு தடவை அளந்து பார்க்கிறேன். அதுவரை இதை எங்கும் அனுப்பாதே."

அவர் கையால் எடுப்பார். அவர் கையால் அளப்பார். அப்புறம் அது யாருடைய கண்டுபிடிப்பாகும் என்று எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

எனக்குத் தோல் கொடுத்தது என் அப்பா மலைச்சாமி. பக்ருதீன் ராவுத்தரின் தோல் பதனிடும் ஷாப்பில் முப்பது வருஷமாக வேலை. ஒரு பக்கம் வரிசையாகச் சுண்ணாம்புக் குழிகள், மயிர் உதிர்வதற்கு. இன்னொரு பக்கம் ஆவாரம்பட்டை ஊறும் தொட்டிகள், தோலைப் பதனிடுவதற்கு. அந்த நாற்றத்தை மேலே சுமந்துகொண்டு நான் பள்ளிக்கூடம் போனேன். வகுப்பில் என் பக்கத்தில் ஆள் உட்காராது. அதைப் பற்றி எனக்கு இப்போது வருத்தம் இல்லை.

பேராசிரியர் வந்தது ஒரு வெள்ளிக்கிழமை. பன்னிரண்டரைக்கு மேல் ராவுத்தர் ஷாப்பை நிறுத்திவிட்டு ஜும்மாவுக்குப் போய்விடுவார். தொழுகைக்குப் போகிறவர்கள் அவர் பின்னால் போவார்கள், மற்றவர்கள் சாப்பிட வீட்டுக்குப் போவார்கள். இரண்டு மணி வரை அங்கே ஆள் இருக்காது. அப்பா, "சாருக்குக் கஞ்சி குடுக்க முடியுமா? இருங்க, கறிக்கொழம்பு வச்சிருக்கு, எடுத்தாரேன்" என்று கிளம்பிப் போனார்.

பேராசிரியர் குழி ஓரத்தில் குந்தியிருந்தார். சென்னையிலிருந்து எடுத்து வந்த என் பழைய தோல் துண்டு ஒன்றை வெயிலில் பிடித்துப் பார்த்தார்.

"நிறத்தைப் பார், ஜக்கம்மா. லேசாகப் பழுப்பு அடிக்கிறது. இதில் எங்கேயோ ஆவாரம்பட்டைச் சாறு பட்டிருக்கிறது. உன் அளவு தப்பில்லை. தோல்தான் தப்பு."

"எங்கப்பா பச்சைத் தோல்தான் கொடுத்தார்."

"கொடுத்தவர் இப்போது வந்துவிடுவார், அவரையே கேட்போம். இதற்குப் போய் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்ளாதே. ரெண்டு பேருமாகத் திருத்துவோம்."

ரெண்டு பேருமாக என்று சொன்னார். நான் தனியாகச் செய்த வேலையில்.

தோலைப் புரட்டுகிற கழி சுவரில் சாய்ந்திருந்தது. ஆள் உயரம், முனையில் இரும்புக் கொக்கி. அதை எடுத்து அவர் காதுக்குப் பின்னால் அடித்தேன். சத்தம் பெரிதாக வரவில்லை. அவர் முன்பக்கமாகக் குழிக்குள் சரிந்தார். குழி நெஞ்சளவுதான், எழுந்து நின்றுவிட்டார். கண்ணைத் திறக்க முடியவில்லை. சுண்ணாம்பு மயிரை உதிர்க்க நாட்கணக்கில் எடுத்துக்கொள்ளும். கண்ணுக்கு அவ்வளவு நேரம் தேவையில்லை. "ஜக்கம்மா, தண்ணீர், தண்ணீர் கொண்டு வா" என்றார். நான்தான் அடித்தேன் என்று அவருக்கு அப்போதும் தெரியவில்லை என்று நினைக்கிறேன். ஏதோ விழுந்துவிட்டது என்றுதான் எண்ணியிருப்பார்.

குழி விளிம்பைப் பிடித்தார். விரல்களின் மேல் கழியை இறக்கினேன். இரண்டாவது அடியில் எலும்பு முறிந்தது. பிறகு கொக்கியைச் சட்டைக் காலரில் மாட்டிக் கீழே அழுத்தினேன். அவர் வலுவான ஆள் இல்லை. ஆனாலும் கழி இரண்டு முறை கையிலிருந்து நழுவப் பார்த்தது. முந்நூறு வரை எண்ணினேன். சோதனைக்கூடத்தில் எண்ணிப் பழகிய வேகம். நுரை அடங்கிய பிறகும் இன்னொரு நூறு எண்ணினேன். அரைகுறையாகச் செய்வது எனக்குப் பிடிக்காது.

அப்பா தூக்குவாளியோடு வந்து நின்றார். குழியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"என்ன தாயி இது."

"தோலு தப்புன்னு சொல்லி என் வேலையப் பிடுங்கிக்கிறப் பாத்தாருப்பா."

அவர் வாளியைக் கீழே வைத்துவிட்டு என் கையிலிருந்து கழியை வாங்கிக்கொண்டார். "மூஞ்சியக் கழுவு. சேலையில சுண்ணாம்பு பட்ருக்கு பாரு. செத்த நேரத்துல ஆளுக வந்துருவாக. பின்னாடி சந்து வழியாப் போ. திரும்பிப் பாக்காத."

தொழுகை முடிந்து வந்தவர்கள் கண்டது, கழியும் கையுமாக நின்ற என் அப்பாவை. மகளைத் தப்பாகப் பேசினார், அடித்துவிட்டேன் என்று அவரே சொல்லிவிட்டார். நல்ல காரணம்தான். யாருக்கும் நம்புவதில் சிரமம் இருக்கவில்லை.

ஐந்தாம் நாள் காலையில் நான் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். உண்மையைச் சொல்லி அவரை வெளியே கொண்டுவரத்தான் போனேன். இதை நீங்கள் நம்ப வேண்டும். அவர் ஒப்புக்கொண்ட பிறகும் அடித்திருந்தார்கள். இடது கண் மூடியிருந்தது. வலது கையில் மூன்று நகம் இல்லை. அந்தக் கையாலேயே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"எதுக்கு இங்க வந்த? நீ மெட்ராசுக்குப் போ. படிப்பு கெட்ரும்."

"நான் சொல்லிறப் போறேம்ப்பா."

"வாய மூடு, கிறுக்குச் சிறுக்கி. ஏட்டு காதுல விழுந்துறப் போவுது." பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஆமா, அந்த மனுசன் தோலு தப்புன்னா சொன்னாரு? அது எப்பிடித் தப்பாகும்? உனக்குன்னு நான் பாத்துப் பாத்துல்ல குடுத்தேன்."

"பச்சைத் தோல்தானப்பா குடுத்தீக?"

"பச்சையாவா? நல்லாருக்கே கதை. பச்சையாக் குடுத்தா மெட்ராசு போறதுக்குள்ள புழு வச்சிரும். உப்புப் போட்டாலும் நாத்தம் போவாது. ரயில்ல பக்கத்துல உக்காந்தவக மூக்கப் பொத்துவாகல்ல? எம்புள்ள மேல தோல் நாத்தம் அடிக்குதுன்னு இனி ஒருத்தன் சொல்லப்படாது. அதான் ஒரு பகப் பொழுது ஆவாரந்தண்ணியில முக்கி எடுத்து, நெறம் தெரியாம நல்லா அலசிக் குடுத்தேன்."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையுந்தேன்." அவருக்குப் பெருமையாக இருந்தது. வீங்கின முகத்தோடு சிரித்தார். "எங்கயாச்சும் நாறுச்சா, சொல்லு?"

"இல்லப்பா. நாறல."

அந்த நிமிஷம் எனக்கு எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. அவர் முக்கியிராவிட்டால் எழுபத்தொன்று வந்திருக்காது. அது வந்திராவிட்டால் நான் கட்டுரை எழுதியிருக்க மாட்டேன். பேராசிரியர் திண்டுக்கல்லுக்கு ரயில் ஏறியிருக்க மாட்டார், அந்தக் குழி ஓரத்தில் குந்தியிருக்க மாட்டார். படிப்படியாகப் பின்னால் போய்ப் பார்த்தால் அது அப்பாவின் கையில்தான் போய் நிற்கிறது. நான் செய்தது கடைசிப் படி மட்டும். செய்த பிழைக்கு அவர் பொறுப்பேற்கிறார் என்றால் அதைத் தடுப்பதுதான் முறைகேடு.

மறு வருஷம் ஆடியில் அவரைத் தூக்கிலிட்டார்கள். தந்தி வந்த அன்று வேறொரு பேராசிரியரிடம் சேர்ந்து சுத்தமான பச்சைத் தோலை அளந்துகொண்டிருந்தேன். அறுபத்திரண்டில் சுருண்டது. குறித்துக்கொண்டேன். அதற்குப் பிறகு டாக்டர் பட்டம் வாங்கினேன். சூட்டில் குலைந்த புரதம் ஆறவிட்டால் தானாகவே பழைய வடிவத்துக்கு மடங்கிக்கொள்வது எப்படி என்பதுதான் இந்த ஏழு வருஷமாக என் வேலை. நன்றாகச் செய்கிறேன் என்று சொல்கிறார்கள்.

அன்றைக்கு ஸ்டேஷனில் ஏட்டு வந்து, "நேரமாச்சும்மா, என்னமோ சொல்லணும்னியே, என்ன?" என்று கேட்டார். ஒன்றும் இல்லை என்றேன். அப்பா கம்பிக்குள்ளிருந்து, "நல்லாப் படி தாயி" என்றார். தலையாட்டிவிட்டு நடந்தேன். அவர் அந்த ஆவாரந்தண்ணீரைப் பற்றிச் சொல்லாமல் இருந்திருந்தால் நான் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டிருப்பேன். இன்றைக்கும் அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

வாசலில் குதிரை வண்டிக்காரர் பீடியைக் கீழே போட்டு மிதித்தார். "ஏறும்மா, மெட்ராஸ் ரயிலுக்கு இன்னும் அரை மணிதான் இருக்கு" என்றார். என் டிரங்குப் பெட்டியையும் படுக்கையையும் வீட்டிலிருந்து கிளம்பும்போதே அதில் ஏற்றியிருந்தேன்.