கார்டில் உள்ள மீதி

பரிசாகப் பணம் கொடுப்பது எனக்குப் பிடிக்காது, மேடம். கவரில் நோட்டைத் திணித்து நீட்டினால், உனக்கு என்ன பிடிக்கும் என்று யோசிக்க எனக்கு நேரமில்லை என்று சொல்வது போல இருக்கும். வாங்குகிறவளும் அதைப் பாலிலும் வாடகையிலும் கரைத்துவிடுவாள். கிஃப்ட் கார்டு என்றால் கொஞ்சம் அக்கறை தெரியும்.

அதனால்தான் தம்பி மகளின் பிறந்தநாளுக்குக் குழந்தைகள் துணிக்கடைக் கார்டு வாங்கினேன். எங்கே பார்த்தாலும் கிளை உள்ள கடை. தம்பி மனைவி அப்போது குழந்தையைத் தூக்கிக்கொண்டு வீட்டை விட்டே போயிருந்தாள். எங்கே இருக்கிறாள் என்று யாருக்கும் தெரியாது. என்னோடு மட்டும் போனில் பேசுவாள். அவன் அடித்து அவள் தாடை வீங்கிய அன்று ஐஸ்கட்டி வைத்துவிட்டது நான்தான். அந்த நம்பிக்கை.

என் தம்பி கெட்டவன் இல்லை. கோபம் வந்தால் கை முந்திக்கொள்ளும், அவ்வளவுதான். அவள் போனபின் தினமும் என் சமையலறையில் வந்து உட்காருவான். "அவ மட்டும் கையில கிடைக்கட்டும்க்கா" என்பான். தட்டில் போட்டது அப்படியே இருக்கும். துரும்பாக இளைத்துவிட்டான். வளர்த்தவளுக்கு அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியுமா?

கார்டு எண்ணை அனுப்பியதும் அவள் கூப்பிட்டாள்.

"எதுக்கு அண்ணி இதெல்லாம்? குடுக்கறதைப் பணமா குடுங்களேன். வாடகைக்காவது ஆகும்."

"அடி அசடே, பிறந்தநாளுக்கு உன் பொண்ணு வாடகையையா உடுத்திக்குவா?"

சிரித்தாள். ரொம்ப நாளைக்குப் பிறகு. "உங்ககிட்ட பேசி ஜெயிக்க முடியுமா? அவர்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க."

"என் வாயிலிருந்து வராது" என்றேன். வரவும் இல்லை.

கார்டைப் பயன்படுத்தினால், எந்தக் கிளை என்று வாங்கிக் கொடுத்தவர் போனுக்குச் செய்தி வரும். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல மாட்டேன். கடைப் பெண்ணிடம் முதலிலேயே கேட்டுக்கொண்டேன். ஒரே தடவையில் தீராத தொகையாகவும் போட்டேன்.

முதலில் ஒரு கவுன் வாங்கினாள். செய்தி வந்தது. மீதியை விட்டுவிடாதே, அடுத்து ஷூ வாங்கு என்று எழுதினேன். 'சரி அண்ணி, சனிக்கிழமை சாயங்காலம் அதே கடைக்குப் போறோம்' என்று பதில் போட்டாள்.

தம்பி வந்தபோது, அதைத் திறந்தபடியே போனை மேஜைமேல் வைத்துவிட்டு டீ போட எழுந்தேன்.

இன்று மதியம் என் காய்வெட்டும் கத்தியை எடுத்துக்கொண்டு போனான். பார்த்தேன். எதற்கு என்று கேட்கவில்லை. வளர்ந்த ஆண்பிள்ளையைத் துருவித் துருவிக் கேட்பது எனக்குப் பழக்கமில்லை. அவள் ஷூ பக்கம் போகவே இல்லையாமே. கடை வாசலிலேயே முடிந்துவிட்டதாம்.

வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட்டுவிடுகிறேன், மேடம். வெளியே பெஞ்சில் குழந்தை வெறுங்காலோடு உட்கார்ந்திருக்கிறாள். ஓடியதில் செருப்பு எங்கேயோ விழுந்துவிட்டதாம். பக்கத்துத் தெருவிலும் அந்தக் கடைக்கு ஒரு கிளை இருக்கிறது. மூடுவதற்குள் விட்டீர்களானால், நானே அவளை அழைத்துப்போய் வாங்கித் தந்துவிடுவேன். கார்டில் மீதி அப்படியே இருக்கிறது. அத்தை ஆசையாகக் கொடுத்தது, வீணாகக் கூடாது.