குழிக்கு நல்ல பசி

– ஏங்க, மூக்கைப் பொத்திக்கிட்டுத் தூர நின்னா என்ன தெரியும்? கிட்டப் போய்ப் பாருங்க.

– பார்த்துட்டேன். மூடியைத் திறந்தா கூடை விளிம்பு வரைக்கும் குப்பை நிக்குது. இந்த உரக் கூடையைத் தோட்டத்துக் குழியில புதைச்சு வச்சா போதும், மிச்சம் மீதியை எல்லாம் புழு தின்னுடும், தண்ணி மண்ணுல இறங்கிடும்னான் வித்தவன். புழு எல்லாம் வேலையை விட்டுட்டுப் போயிடுச்சு போல.

– மக்க வைக்கிற பொடியைத் தூவினீங்களா?

– தூவினேன். நீ சமைக்கிற சமையலுக்கு மூட்டையா வாங்கணும். ரெண்டரை பேருக்கு எதுக்கு இவ்வளவு?

– யாரு அந்த அரை?

– நான்தான். எனக்குக் கிடைக்கிறது அவ்வளவுதான். மிச்சமெல்லாம் அப்பாவுக்கு.

– பெத்த அப்பா மேல பொறாமையா? தொண்டையில கட்டி எடுத்துட்டு வந்த மனுஷன். சாப்பாடு இறங்கலேன்னா வயித்துல குழாய்தான்னு டாக்டர் சொன்னப்ப அழுதது யாரு?

– சரி, நான்தான். விடு.

– இப்ப தட்டு வழிச்சு வச்ச மாதிரி வருது. கல்யாணமாகி வந்ததுலேர்ந்து என் சமையலைக் குறை சொல்லாம மாமா சாப்பிடுறது இப்பதான்.

– அப்ப இந்தச் சோறு யாரோடது?

– எந்தச் சோறு? நான் போடுறது தோலும் எலும்பும்தான்.

– குச்சியால கிளறினா சோறா வருது. குழைஞ்ச சோறு, மசிச்ச காய்.

– தள்ளுங்க.

– என்ன?

– இதுல மிளகாயே இல்லீங்க.

– அதனால?

– மிளகாய் இல்லாம நான் ஒருத்தருக்குத்தான் மசிக்கிறேன்.

– உளறாத.

– காத்தாட சாப்பிடுறேன்னு தட்டைத் தூக்கிக்கிட்டு இங்கதானே வந்து உக்காருவார்.

– நேத்துகூட ‘இன்னும் ஒரு கரண்டி போடும்மா’ன்னு கேட்டு வாங்கினாரே. பசிக்காமலா கேட்பார்?

– நான் சந்தோஷப்படுவேன்னு கேட்டிருப்பார்.

– அப்பா... எப்ப வந்து நின்னீங்க?

– இப்பதான்டா. மூடியைச் சாத்து, பக்கத்து வீட்டுக்கு நாத்தம் போகுது.

– எத்தனை நாளா மாமா இப்படி?

– தண்ணி இறங்குதும்மா. கொஞ்சம் கொஞ்சமா.

– சட்டையை மாத்துங்கப்பா. இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போறோம்.

– போன மாசமே போயிட்டு வந்துட்டேன்டா, நீங்க வேலைக்குப் போன நேரத்துல. கட்டி மறுபடி வந்திருக்காம். குழாய்கூட வேண்டாம், வீட்லயே இருங்கன்னுட்டார் டாக்டர். நீங்க ரெண்டு பேரும் அப்பதான் மறுபடி சிரிச்சுப் பேசிச் சாப்பிட ஆரம்பிச்சிருந்தீங்க.