பச்சை லைட் எரிந்த பிறகு

பொன்னமராவதியிலிருந்து புதுக்கோட்டைக்கு வரும் பேருந்தில், எனக்கு முன் சீட்டில் இருந்த வெள்ளைச் சட்டைக்காரர் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்:

"வீட்டுக் கம்ப்யூட்டர்ல நெட் வந்துருச்சுங்க. அதான் கவலையா இருக்கு."

"வந்தா நல்லதுதானங்க?"

"மகன் துபாய்ல இருக்கான். பெரிய ஸ்கிரீன்ல மொகம் பாத்துப் பேசலாம்ப்பான்னான். எங்க கம்ப்யூட்டர் பழசு, வைஃபை எடுக்காது. அவன் முன்னாடி வெளயாடுன கேம் பெட்டியில ஒரு வைஃபை அடாப்டர் இருக்கு. அதக் கழட்டி கம்ப்யூட்டர்ல சொருகச் சொன்னான்."

"அது கேம் பெட்டிக்குள்ளதுல்ல?"

"கம்ப்யூட்டருக்கும் ஆகுமாம். எனக்கு ஒண்ணும் புரியல. அஞ்சு நாளு, வேல முடிஞ்சதும் கூப்புட்டு, இத அமுக்குப்பா, அதப் பாருப்பான்னு ஒரு மணி நேரம் சொல்லிக் குடுத்தான். ஆறாம் நாளு பச்ச லைட் எரிஞ்சுருச்சு."

"அப்பறம் தெனமும் பாத்துப் பேசுறீங்களாக்கும்."

"அன்னைக்கு ஒரு நாள் பேசுனான். அதுக்கப்பறம் மூணு வாரமாக் கூப்புடவே இல்ல. அவன் அம்மா தவறுனதுலேருந்து வீட்டுல நான் மட்டுந்தாங்க. இன்னைக்குக் காலையில அடாப்டரப் புடுங்கி வச்சுட்டு, நெட் போயிருச்சுப்பான்னு மெசேஜ் போட்டுட்டேன்."

புதுக்கோட்டை நெருங்கும்போது வெள்ளைச் சட்டைக்காரரின் போன் அடித்தது. ஹாரன் சத்தம் கேட்காதபடி அவர் அவசரமாகச் சன்னல் கண்ணாடியை இழுத்து மூடினார்.

"ஆமாய்யா, கம்ப்யூட்டர் முன்னாடிதான் உக்காந்துருக்கேன். ஒண்ணும் அவசரமில்ல, மொதல்லேருந்து சொல்லு."