கருப்பையா கூப்பிட்ட குரல்

ஓடுகிறேன். காலடியில் பாறை கொதிக்கிறது. பின்னால் கல் உருள்கிறது. பிறகு நகம் பாறையைக் கீறும் ஓசை, தகரத்தைக் கிழிப்பது போல.

“உள்ள போங்க! உள்ள போங்க!” ராமையா அண்ணன் கத்துகிறார்.

பாறை இடுக்கில் விழுகிறோம். கருப்பையா வரவில்லை.

1951, சித்திரை. நார்த்தாமலை. உச்சிப்பொழுது.

எங்களைத் துரத்திய அந்த மிருகத்துக்கு நாங்கள் பெயர் வைக்கவில்லை. ஆட்டைத் தின்றது. மேய்த்தவர்களைத் தின்றது. தின்றவர்களின் குரலிலேயே மற்றவர்களைக் கூப்பிட்டது. அதனால் வேட்டைக்குப் போன எங்கள் மூவருக்கும் ஒரு கட்டுப்பாடு. மலைமேல் சீழ்க்கைதான் பேச்சு. அதற்குச் சீழ்க்கை வராது. வாயால் யார் கூப்பிட்டாலும் போகக் கூடாது. இதை வகுத்தவன் நான். மூவரில் படித்தவன் நான்.

இடுக்கில் உட்கார முடியாது. நிற்கவும் முடியாது. வாசல் பக்கம் நான். துப்பாக்கி வெளியே பார்த்தபடி சிக்கியிருக்கிறது. ராமையா அண்ணனின் மூச்சு என் பிடரியில்.

“அண்ணே... நாந்தாண்ணே. கையக் குடுங்க.” வெளியிலிருந்து கருப்பையாவின் குரல்.

“அவந்தான் தம்பி. வெலகு,” என்றார் அண்ணன்.

நான் விலகவில்லை. “சீக்கி அடிக்கச் சொல்லுங்க.”

“டேய், சீக்கி அடிடா!”

ஊதும் ஓசை. வெறும் காற்று. மீண்டும் காற்று.

“வரலண்ணே...”

அண்ணன் என் தோளைப் பிடித்துத் தள்ளினார். நான் பாறையோடு ஒட்டிக்கொண்டேன். வெளியே ஓர் அலறல். பிறகு கீறும் ஓசை. கண்ணில்லாத தலை இடுக்கில் நுழைந்தது. சுட்டேன். செத்தது.

கருப்பையா கைக்கெட்டும் தூரத்தில் கிடந்தான். உதடுகள் கிழிந்திருந்தன. முன்பற்கள் இல்லை. அந்த வாயால் சீழ்க்கை அடித்துப் பார்த்திருக்கிறான்.

ஊர் எனக்குப் பரிவட்டம் கட்டியது. கூட்டத்தில் கருப்பையாவின் மனைவி கேட்டாள்: “அவுக உங்களக் கூப்பிடலையாண்ணே?”

“இல்லம்மா.”

ராமையா அண்ணன் தரையைப் பார்த்தார்.

பரிவட்டம் கட்டிக்கொண்டவன் அடுத்த மிருகத்தின் வேட்டைக்கு மாட்டேன் என்று சொல்ல முடியாது. 1960 வரை போனேன். உண்மையில் வீட்டைவிட மலை எளிது. வீட்டில் கூப்பிடுவார்கள். மகள் “அப்பா” என்றால் கை துப்பாக்கியைத் தேடும். ஒருநாள் அதை அவளை நோக்கி நீட்டியிருந்தேன். அன்றே அவளைக் கூட்டிக்கொண்டு மனைவி கந்தர்வக்கோட்டைக்குப் போய்விட்டாள்.

இழந்தவர்களை எழுதுகிறேன். மேய்ச்சலுக்குப் போன நால்வர். கருப்பையா, இருபத்தாறு வயது. ராமையா அண்ணன், சாகும்வரை என்னோடு பேசவில்லை. என் மனைவி. என் மகள். கருப்பையாவின் மனைவி, புருஷன் எங்களைக் கூப்பிடக்கூட நேரமில்லாமல் போய்விட்டான் என்று நம்பியே செத்தாள்.