இரண்டு வீட்டுக்கு ஒரே நியூட்ரல்

பக்கிரிசாமி: ...அதான் சொல்லிக்கினு கீறேனே சலீமு, நேத்து மட்டும் பதினோரு தபா. பல்லி வால ஆட்டிச்சி, ட்ரிப்பாயி கரெண்டு கட்டு. நான் தும்மினேன், ட்ரிப்பு.

சலீம்: தும்மினதுக்கா?

பக்கிரிசாமி: சாதா தும்மல் இல்ல. பஸ்ஸுல முப்பது வருசம் கண்டக்டரா விசில் ஊதின வாயி. காத்து பலமா வரும்.

சலீம்: பெரியவரே... காலைல எதனா துன்னீங்களா?

பக்கிரிசாமி: நீ எலக்ட்ரீசனா, கம்பவுண்டரா?

சலீம்: கேட்டேன். பிரஷர் மாத்திரை...

பக்கிரிசாமி: போட்டுக்கினேன். நீ கரெண்டு பாக்ஸப் பாரு நைனா.

சலீம்: பாத்துட்டேன். எல்லா சுவிட்சையும் அணைச்சிட்டு ஒவ்வொண்ணா போட்டேன். பேன், பிரிட்ஜ், மோட்டாரு, மிக்ஸி, இஸ்திரிப் பொட்டி... எதுக்கும் பாக்ஸு உழல. டெஸ்ட் பட்டன அமுக்கினா மட்டும் டக்குனு உழுது. மூணு வருசம் முன்ன நான் மாட்டின பாக்ஸு, மாட்டினாப்லயே கீது.

பக்கிரிசாமி: உன்னப் பாத்து அடங்கிக்கினு கீது. மாட்டாஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போனா நொண்டி மாடுகூட நேரா நடக்கும்.

சலீம்: கரெண்ட் ஆபீசுல சொன்னீங்களா?

பக்கிரிசாமி: சொன்னேன். லைன்மேன் வந்து கம்பத்த அண்ணாந்து பாத்தான். ‘மா லைன் பாகுந்தி, மீ இன்ட்லோனே சூஸ்கோண்டி’ன்னுட்டான். அவங்க லைனு நல்லா கீதாம், கோளாறு என் வூட்டுக்குள்ள தானாம். அதுக்கு ஒரு டீ துன்னுட்டுப் போனான்.

சலீம்: டீயத் துன்னானா?

பக்கிரிசாமி: நான் போட்ட டீ. துன்னத் தான் முடியும்.

சலீம்: ...செவுத்துல மழைத்தண்ணி எதனா எறங்குதா?

பக்கிரிசாமி: சித்தூர்ல மழையா? எம்பத்தேழுல ஒண்ணு பெஞ்சிது. சித்தூர் திருப்பதி வண்டி, புத்தலப்பட்டு தாண்டறோம். ஒரு மின்னல் முன்பக்கப் படியில ஏறிச்சி. நடுவுல நின்னவங்கள கொஞ்சம் ஒதுங்கச் சொல்லிச்சி. பின்பக்கப் படியில எறங்கிப் போய்க்கினே இருந்துச்சி.

சலீம்: டிக்கெட்டு?

பக்கிரிசாமி: நான் கேக்கல. கிட்டக்க எறங்கற ஆளு தானேன்னு வுட்டுட்டேன். இதுக்கு டிப்போ மேனேஜரே சிரிச்சாரு. உன் மூஞ்சி ஏன் அப்டி கீது?

சலீம்: ராத்திரி தூக்கம் இல்ல... அகிலா எப்ப வருது?

பக்கிரிசாமி: எம்பொண்ணா? ஸ்ரீசிட்டி கம்பெனில லீவு எங்க குடுக்கறான். தீபாவளிக்கு வரும். ஏன்?

சலீம்: சும்மா தான். போன் எதனா பண்ணிச்சா?

பக்கிரிசாமி: ஞாயித்துக்கெழம பண்ணும். இன்னிக்கி புதன்... நீ பேச்ச மாத்தாத. காரணத்தக் கண்டுபிடிக்காம இந்த வூட்டு வாசப்படிய நீ தாண்டக்கூடாது. சொல்லிட்டேன்.

சலீம்: அப்டி இன்னா அவசரம்?

பக்கிரிசாமி: கரெண்டு இல்லாம ஒரு மனுசன் எப்டி இருக்கறது?

சலீம்: கரெண்டு கீதே. பேன் சுத்திக்கினு கீது, அதுக்கு அடியில தான் ரெண்டு பேரும் ஒக்காந்துக்கினு கீறோம்.

பக்கிரிசாமி: இப்ப கீது.

சலீம்: சரி... கதை வேணாம், நெசத்தச் சொல்லுங்க. எந்நேரத்துல உழுது?

பக்கிரிசாமி: காலைல. நாலே முக்கால்.

சலீம்: பதினோரு தபா...

பக்கிரிசாமி: மொத தபா நாலே முக்கால். மிச்சம் பத்து நான் சேத்துக்கினது.

சலீம்: ஒரு தபா தான். தெனமும் அதே நேரம்.

பக்கிரிசாமி: மணி அடிச்சாப்ல. மூணு வருசமா. மார்கழிக் குளிர்ல கூட லேட்டு இல்ல.

சலீம்: மூணு வருசமா உழுது. இன்னிக்கித் தான் என்னைக் கூப்டறீங்க.

பக்கிரிசாமி: எனக்குப் பொறுமை ஜாஸ்தி.

சலீம்: உங்களுக்கு.

பக்கிரிசாமி: இந்தா, ஒரு யோசனை. நீ தொழில் தெரிஞ்சவன், நான் சொல்லக்கூடாது... இது முன்ன ஒரே வூடு. நடுவுல செவுரு வெச்சி ரெண்டாப் பிரிச்சோம். முன்பக்கம் எனக்கு. பின்பக்கம்... அந்தாளுக்கு. அதுக்கு வாசலு பின்தெருவுல. மீட்டரெல்லாம் தனித்தனியா வாங்கிட்டோம். ஆனா செவுத்துக்குள்ள ஓடற பழைய ஒயரு ஒண்ணு ரெண்டு...

சலீம்: ஒண்ணோட ஒண்ணு கலந்திருக்கும்ன்றீங்க.

பக்கிரிசாமி: நான் எங்க சொன்னேன்? நீ தான் சொல்ற.

சலீம்: அந்தப் பக்கம் பாத்ரூம்ல ஒரு குண்டு பல்பு. கரெண்டு அவங்க மீட்டர்லருந்து போவுது. திரும்பி வர்ற நியூட்ரல் ஒயரு மட்டும் உங்க பாக்ஸுல வந்து சேருது. அங்க சுவிட்சப் போட்டா, இது என் கரெண்டு இல்லியேன்னு உங்க பாக்ஸு உழுந்துடும்.

பக்கிரிசாமி: அடேயப்பா. பாக்காமயே சொல்லிட்டியே. சரி, அப்டின்னா நீ இப்பவே பின்தெருவுக்குப் போயி அந்த சுவிட்சப் பாத்துட்டு வந்துடு. வந்து, அங்க இன்னா கீது, யாரெல்லாம் கீறாங்க, எப்டி கீறாங்க... ஒயரத் தான் சொல்றேன்.

சலீம்: நீங்களே போய்ப் பாக்கலாமே. சுத்திக்கினு போனா அம்பது அடி.

பக்கிரிசாமி: அந்தத் தெருவுல நான் கால் வெக்க முடியாது. ஊருக்கே தெரியும், உனக்குத் தெரியாதா?

சலீம்: காணிப்பாக்கத்துல சத்தியம் பண்ணீங்கன்னு கேள்வி. இன்னான்னு முழுசாத் தெரியாது.

பக்கிரிசாமி: எங்கம்மா போன பதினாறாம் நாளு. அதோட மூக்குத்தியக் காணோம். நான் எடுத்துட்டேன்னு எந்தம்பி, அவன் எடுத்துட்டான்னு நான். கொளத்துல முழுவி, ஈரத்துணியோட புள்ளையார் முன்ன நின்னு, நான் எடுக்கல சாமின்னு ரெண்டு பேரும் பிரமாணம் பண்ணோம். அதோட வுட்டிருக்கணும். குளிரு, பல்லு கிடுகிடுங்குது, கோவம் வேற... இனிமே இவன் தெருவ மிதிக்கமாட்டேன், இவனோட பேசமாட்டேன், இவன் சேதிய இன்னொருத்தர் கிட்டகூட கேக்கமாட்டேன்னு நானா சேத்துக்கினேன். அவனும் ஒண்ணு வுடாம அப்டியே சொன்னான். சின்ன வயசுலருந்தே அப்டித் தான். நான் இன்னா செஞ்சாலும் பின்னாடியே செய்வான்.

சலீம்: அப்ப பொய் சத்தியம் பண்ணது யாரு?

பக்கிரிசாமி: யாரும் இல்ல. மூக்குத்தி ஆறு மாசம் கழிச்சி கெடச்சிது. ரசப்பொடி டப்பாவுல கெழவியே போட்டு வெச்சிருந்துது.

சலீம்: அத்த அவர்ட்ட சொல்லலியா?

பக்கிரிசாமி: எப்டிச் சொல்றது? பேசமாட்டேன்னு சத்தியம்.

சலீம்: யாரையாவது வுட்டு...

பக்கிரிசாமி: ஒரு காக்கா கிட்ட சொல்லி அனுப்பினேன். அது வழியில எங்கியோ கல்யாணச் சாப்பாட்டுல ஒக்காந்துடுச்சி.

சலீம்: பெரியவரே...

பக்கிரிசாமி: பன்னெண்டு வருசம் ஆச்சி, வுடு. நீ போய் சுவிட்சப் பாரு.

சலீம்: அந்த சுவிட்சு நான் பாத்தது தான். உங்களுக்கு பாக்ஸு மாட்டின மறுவாரமே சின்னவரு கூப்ட்டாரு. பாத்ரூம் லைட்டு ஒரு தபா மின்னிட்டு செத்துப்போவுதுன்னாரு. உங்க பாக்ஸு உழுந்தா அந்த ஒயரும் கட்டு தானே, எப்டி எரியும்?

பக்கிரிசாமி: அப்ப... மூணு வருசமா அவன் இருட்டுலயா...

சலீம்: இல்ல இல்ல. அன்னிக்கே தனி ஒயரு இழுத்து ட்யூப் லைட்டு போட்டுக் குடுத்துட்டேன். பளிச்சுனு எரியும்.

பக்கிரிசாமி: பழைய சுவிட்சு?

சலீம்: பிடுங்கிடட்டான்னு கேட்டேன். இருக்கட்டும்னாரு. போன வருசம் வெள்ளை அடிக்கறப்ப மறுபடி கேட்டேன். அப்பவும் வேணாம்னாரு.

பக்கிரிசாமி: ஏனாம்?

சலீம்: அவர் சேதி கேக்கமாட்டேன்னு சத்தியம்னீங்க...

பக்கிரிசாமி: நான் எங்க கேட்டேன்? ஒயரப் பத்திப் பேசிக்கினு கீறோம். ஒயரு இன்னா சொல்லிச்சி?

சலீம்: ஒயரு சொல்லிச்சி... காலைல எழுந்தா மொத வேலையா அந்த சுவிட்சப் போட்டு, ஒடனே அணைச்சிடுமாம். இந்தப் பக்கம் பேன் நிக்குமாம். ஒரு ஆளு முழிச்சிக்கினு ‘எவன்டா அவன்’னு கத்துவானாம். ஸ்டூல இழுத்துப் போடுவானாம். செவுத்தத் தாண்டி கேக்குமாம். கேட்டா போதுமாம். சரி, அண்ணன் இன்னிக்கும் எழுந்துட்டான்னு போய்ப் பல்லு வெளக்குமாம்.

பக்கிரிசாமி: எனக்கு எதுக்கு ஸ்டூலு? பாக்ஸு கைக்கு எட்டற ஒசரம். நீ தானே மாட்டின.

சலீம்: பின்ன எதுக்கு இழுக்கறீங்க?

பக்கிரிசாமி: கேக்கட்டும்னு தான்.

சலீம்: அப்ப... உங்களுக்கும் தெரியும்.

பக்கிரிசாமி: மொதல்ல தெரியாது. நெசமாவே கோவத்துல தான் கத்தினேன். ஒரு நாள் தொண்ட கட்டிக்கினு சத்தம் வர்ல. பேசாம பாக்ஸ ஏத்தி வுட்டேன். மறுபடி உழுந்துது. ஏத்தினேன். மறுபடி. அஞ்சாறு தபா. கடுப்புல ஸ்டூல எட்டி ஒதச்சேன். அது உருண்ட சத்தத்துக்கப்புறம் நின்னுடுச்சி. அன்னிக்கித் தான் புரிஞ்சிது.

சலீம்: இது சத்தியத்த மீறினாப்ல ஆவாதா?

பக்கிரிசாமி: சத்தியத்துல சுவிட்சப் பத்தி ஒண்ணும் சொல்லல. நல்லா ஞாபகம் கீது.

சலீம்: எல்லாம் தெரிஞ்சிக்கினே எதுக்கு என்னைக் கூப்ட்டு, ட்ரிப் ஆவுது, காரணத்தக் கண்டுபிடின்னு...

பக்கிரிசாமி: ட்ரிப் ஆவல சலீமு. சனிக்கெழமலருந்து ஆவல. இன்னியோட அஞ்சு நாளு. வெளியூரு போறதா இருந்தா மொத நாளே ரெண்டு தபா போட்டுட்டுப் போவான். இந்த தபா அதுவும் இல்ல. நாலு மணிக்கெல்லாம் முழிச்சிக்கினு பேனையே பாத்துக்கினு படுத்துக்கினு கீறேன். அது பாட்டுக்கு சுத்துது. நானே டெஸ்ட் பட்டன அமுக்கி உழவெச்சி, ஸ்டூல இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் இழுத்தேன். செவுத்துல காத வெச்சிக்கினு நின்னேன். ஒரு இருமல் கூட இல்ல.

சலீம்: கொஞ்சம் தண்ணி குடிங்க.

பக்கிரிசாமி: நீயா ஒயரப் புடிச்சிக்கினு அந்தப் பக்கம் போவ, வந்து ஏதாவது சொல்லுவ, நான் கேட்டதா ஆவாதுன்னு நெனச்சேன். நீ போவவே மாட்டேங்கற. துன்னீங்களான்ற. மாத்திரை போட்டீங்களான்ற. அகிலா வருதான்ற. முப்பது வருசம் ஜனங்க மூஞ்சியப் பாத்து டிக்கெட்டு கிழிச்சவன் நான். உன் மூஞ்சியில இன்னா கீது சலீமு?

சலீம்: மொதல்ல ஒக்காருங்க பெரியவரே.

பக்கிரிசாமி: ஒக்காரல. புள்ளையாரு இன்னா பண்ணுவாரோ பண்ணிக்கட்டும். கேக்கறேன். பேரச் சொல்லியே கேக்கறேன். எந்தம்பி ஏகாம்பரம் எப்டிடா கீறான்?

சலீம்: வெள்ளிக்கெழம திருப்பதியில பொண்ணு வூட்டுக்குப் போனாரு... சாயங்காலமே திரும்பறதா தான் போனாரு. அங்கியே நெஞ்சு வலி. நாலு நாளு ஆஸ்பத்திரியில இருந்தாரு, நேத்து பொழுதுபோனப்ப முடிஞ்சிபோச்சி. கொண்டாந்துக்கினு கீறாங்க. காலைல நீங்க போன் பண்றப்ப உங்க வாசல்ல தான் நின்னுக்கினு இருந்தேன் பெரியவரே, கதவத் தட்டத் தைரியம் இல்லாம.