மொச்சைக்கு ஒரு பாவசங்கீர்த்தனம்

தவக்காலத்தில் ஒரு நாள், ரெட்டியார்சத்திரம் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். ஒருத்தி மடியில் கனத்த துணிப்பை.

“மொச்சையத் தின்னுட்டுப் பாவசங்கீர்த்தனம் பண்ணின ஆளு எங்க வீட்டுக்காரருதான்க்கா,” என்றாள் பைக்காரி.

ஜன்னல் பக்கம் பார்த்திருந்த நான் காதைத் தீட்டிக்கொண்டேன்.

“என்னடி சொல்ற?”

“மக டிவியில பாத்துட்டு பர்கரு கேட்டா. தவக்காலத்துக்கு கறி, முட்டை, பாலு அம்புட்டையும் விட்டாச்சு. மொச்சைய அவிச்சு, சோம்பு பட்டை சேத்து அரைச்சு, வடையாத் தட்டி, தோசைக்கல்லுல சுட்டு பன்னுக்குள்ள வச்சேன். இவரு வந்து ரெண்டைத் தின்னாரு. பெறகுதான் மூஞ்சி சுண்டிப்போச்சு. கறின்னு நெனச்சுட்டாரு. நோன்ப முறிச்சுட்டேன்னு பாவத்தச் சொல்லி மன்னிப்புக் கேக்க நேரா சர்ச்சு சாமியார்ட்ட போயிட்டாரு.”

“மொச்சைன்னு சொல்ல வேண்டியதுதான?”

“சொன்னா இனிமே தொடுவாரா? மொச்சைக் கொழம்புன்னாலே தட்டைத் தள்ளி வைக்கிற மனுசன்.”

“அதுக்காக இப்படியே விட்டுட்டியா?”

“ஈஸ்டருக்குப் பிரியாணி வேணாமாம்க்கா. அதே கறியில பர்கரு பண்ணச் சொல்லிட்டாரு.”

பையை மடியில் நன்றாக இழுத்து வைத்துக்கொண்டாள்.

“அதான் ரெண்டு கிலோ மொச்சை வாங்கிட்டுப் போறேன்.”